தந்தை போன்ற மேனேஜர்

"அப்பா மாதிரின்னு எழுதியிருக்கீங்க! அந்த மனுஷனைப் போய்! ஏனுங்க, உங்க சொந்த அப்பா இருந்த வரைக்கும் அவருக்கே நீங்க இப்படி ஒரு லெட்டர் போட்டதில்லையே!"

"கத்தாதே வசந்தா. ஜன்னல் தெறந்திருக்கு. கீழ பர்வதம் ஆன்ட்டி இருக்காங்க."

"இருக்கட்டும்! அவங்களே சொல்லட்டும். வேலை வேண்டாம்னு ஓடி வர்றவன், 'உங்கள் நிழலில் வளர்ந்தேன்'னு எழுதிக் குடுத்துட்டு வருவானா?"

பர்வதம் ஆன்ட்டி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எடிசன் என்ற அமெரிக்க ஊரில் அந்த அபார்ட்மென்ட்டின் கூரை அப்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கனம். 2001 கோடையில் அவர் வீட்டு டிவி ஒரு வாரமாகச் சத்தமில்லாமல் ஓடியதற்கு அதுவே காரணம்.

நடந்தது இவ்வளவுதான். கிரீன் கார்டு கைக்கு வந்த மறுமாதமே வசந்தாவின் புருஷன் திருமூர்த்தி வேலையை விட்டுவிட்டான். எல்லாம் மேனேஜர் நஞ்சுண்டனால். பொள்ளாச்சிக்காரர், நம்ம பக்கம் என்று நம்பிப் போய்ச் சேர்ந்தவனை ஐந்து வருஷம் கரும்பு மிஷினில் விட்டு எடுத்தார். தலைமுடி பாதி போயிற்று; தூக்கம் முழுசாகப் போயிற்று.

வேலை போனவர்களுக்கு அரசாங்கம் தரும் அன்எம்ப்ளாய்மென்ட் பணத்துக்கு மனுப் போட்டான். தானாக விட்டவனுக்குப் பணம் கிடையாது, அந்த வேலைதான் ஆளை நோயாளி ஆக்கியது என்று காட்டினால் உண்டு என்றார்கள். காட்டலாம்தான். குறுக்கே நின்றது அவனே எழுதிய ராஜினாமாக் கடிதம். மொழி இங்கிலீஷ், பணிவு மட்டும் உடுமலைப்பேட்டை ஹைஸ்கூல் லீவ் லெட்டர். போதாததற்கு ஓக் ட்ரீ ரோடு ஓட்டலில் நஞ்சுண்டனுக்கு விருந்து வைத்து, பொன்னாடை போர்த்தி, போட்டோவும் எடுத்திருந்தான். வருஷம் முழுக்கக் காருக்குள் திட்டிவிட்டுக் கடைசி நாளில் சால்வை போர்த்துவதுதானே நம்மவர் வழக்கம்?

"போறப்ப நல்ல பேரோட போகணும்னு நெனச்சேன்."

"அந்த நல்ல பேரைக் குடுத்து ஒரு கேலன் பால் வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம். இத பாருங்க, ஆடி முடியறதுக்குள்ள இது கெடைக்கலைன்னா, நானே நஞ்சுண்டன் சம்சாரத்துக்குப் போன் பண்ணி உங்களைத் திரும்பச் சேத்துக்கச் சொல்லிருவேன்."

வசந்தாமணி சொன்னால் செய்கிறவள்.

மறுநாளே சர்ட்டிபிகேட் வாங்கத் திருமூர்த்தி டாக்டர் கோபாலசாமியிடம் ஓடினான்.

"வாப்பா திருமூர்த்தி, எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன் அங்கிள்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பிரஷர் பார்த்தார். வேலையை விட்டு ஒரு மாசம் மத்தியானத் தூக்கம் போட்ட உடம்பு. இருபது வயசுப் பையனுக்கு இருப்பதுபோல் இருந்தது. 'பரிபூரண ஆரோக்கியம்' என்று அவர் எழுதிய சர்ட்டிபிகேட் நேராக அன்எம்ப்ளாய்மென்ட் ஆபீசுக்கே போய்ச் சேர்ந்தது.

"டாக்டர்கிட்டப் போய் எவனாவது நல்லா இருக்கேன்னு சொல்லுவானா?"

"எப்படி இருக்கேன்னு கேட்டாரு. வேற என்னன்னு சொல்றது?"

அடுத்து சாட்சி தேடினான். பக்கத்து சீட் மாரிசாமி, விசாவில் இருக்கும் பிரம்மச்சாரி, "கண்ணால பார்த்தவன் நான், எழுதித் தர்றேண்ணா" என்று வீரமாகச் சொன்னான். இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணினான்.

"அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சு. எதை எழுதினாலும் மொதல்ல நஞ்சுண்டன் சாருக்கு ரிவ்யூவுக்கு அனுப்பிப் பழக்கமாச்சா... இதையும் அனுப்பிட்டேன்."

"அடப்பாவி! என்ன சொன்னாரு?"

"ரெண்டு ஸ்பெல்லிங் திருத்திக் குடுத்தாருண்ணா."

அதோடு மாரிசாமி போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான். ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது: வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போனில் விசாரணை, நஞ்சுண்டனும் லைனில் இருப்பார்.

வியாழன் ஒன்பதே முக்காலுக்குப் பர்வதம் ஆன்ட்டி ஒரு தட்டு அடையோடு மாடியேறினார். "குடுத்துட்டு உடனே போயிடறேன்" என்றவர், போனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வசந்தாமணி ஸ்பீக்கரைப் போட்டாள். அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ்; ஆன்ட்டி பிறகு ஊருக்குச் சொன்னது தமிழில். அதுவே இங்கே.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. கடிதத்தை நிதானமாகப் படித்தார். "'நீங்கள் எனக்குத் தந்தை போன்றவர்.' இவரா உங்களை நோயாளி ஆக்கினார்?"

திருமூர்த்தி மனைவியைப் பார்த்தான். அவள் டெலிபோன் நோட்டில் 'ந' பக்கத்தை விரித்து வைத்திருந்தாள். அவ்வளவுதான், மடை திறந்தது.

"மேடம், தீபாவளி அன்னிக்குத் தலையில எண்ணெய் வெச்சு உட்கார்ந்திருக்கேன், பேஜர் அடிச்சது. எண்ணெயோடயே ஆபீசுக்குப் போனேன்! என் பொண்ணு வெண்பா பொறந்தப்ப, ஒரு கையில என் சம்சாரம் கை, இன்னொரு கையில அவரோட போன்! குழந்தை அழுத சத்தம் கேட்டு, 'அங்க என்ன சத்தம், மீட்டிங்ல கவனம் வேணும்'னாரு!"

"மிஸ்டர் நஞ்சுண்டன், மறுக்கிறீர்களா?"

லைனில் ஒரு செருமல். பழக்கத்தில் திருமூர்த்தி எழுந்து நின்றுவிட்டான்.

"மறுக்கலை. அவ்வளவும் உண்மை. அவர் மரியாதைக்காகக் குறைச்சுச் சொல்றார். அவங்க அப்பா திதிக்கு லீவ் கேட்டார். சாஃப்ட்வேர் ரிலீஸ் முடியட்டும், அடுத்த வருஷம் சேர்த்துக் குடுன்னேன். மேல இருக்கறவங்க என்னை நெருக்கினாங்க, நான் இவரைப் பிழிஞ்சேன். இன்னும் இருக்கு, சொல்லட்டுமா?"

திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ சார், அப்படியெல்லாம் சொல்லாதீங்க! மேடம், இவர் உண்மையில தங்கமான—"

வசந்தாமணி அரை அடையை அவன் வாயில் திணித்தாள்.

"போதும்" என்றார் அதிகாரி. "மனு ஏற்கப்படுகிறது."

வெண்பாவைத் தூக்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் குதித்த குதியில் கீழ்வீட்டு ஃபேன் ஆடியிருக்கும். கேசரி கிளற இருவரும் சமையலறைக்கு ஓடினார்கள். போனை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கார்த்திகையில் திருமூர்த்திக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது. அங்கே ஃபிரிஸ்கோவில் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். மாரிசாமி ஆவணியிலேயே தாராபுரத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறினான். கல்யாணப் பத்திரிகையையாவது ரிவ்யூவுக்கு அனுப்பாமல் இருந்தானா தெரியாது. நஞ்சுண்டன் வீட்டை விற்றுவிட்டு சான்டா கிளாராவில் மச்சினன் பக்கம் போய்விட்டார். அந்த மனுஷன் ஏன் அப்படித் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தார் என்று எடிசன் ரொம்ப நாள் பேசியது. சனி விலகியது என்றார்கள் சிலர். "பெரிய மனசு" என்று சொல்லி திருமூர்த்தி இன்றும் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறான்.

அன்று அந்த நாற்காலியை விட்டு எழாதவர் பர்வதம் ஆன்ட்டி மட்டும்தான். வைக்காத போனில் அதிகாரி சொன்னது அவர் ஒருவர் காதில்தான் விழுந்தது:

"மிஸ்டர் நஞ்சுண்டன், லைனிலேயே இருங்கள். ஸ்ட்ரெஸ் தாங்காமல் போன வாரம் வேலையை விட்டதாக நீங்கள் போட்ட மனுதான் அடுத்தது. இதுவரை சொன்னதையே அதற்கும் சாட்சியாக எழுதிக்கொள்ளட்டுமா?"