பீங்கான் தரவுத்தளத்தில் ஒரு சந்தேக நபர்

பொறியியல் பீங்கான் ஆய்வுத் தரவுத்தளம் என்பது தேநீர்க் கோப்பை சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. இயந்திரத்துக்குள்ளும் உலைக்குள்ளும், சிலருடைய இடுப்பு மூட்டுக்குள்ளும்கூட வைக்கிற கெட்டிப் பீங்கான்களைப் பற்றி உலகத்து விஞ்ஞானிகள் எழுதித் தள்ளும் கட்டுரைகளை எல்லாம் ஓரிடத்தில் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பத்து வரியில் சுருக்கம் எழுதி வைக்கும் மகத்தான பணி அது. அந்தப் பணி மூன்றாவது மாடியில் நடந்தது. அதைச் செய்தவளை எல்லோரும் சுருக்கக்கா என்று கூப்பிட்டார்கள்.

சுருக்கக்கா கண்ணும் கருத்துமாக எழுதுவாள். ஒரு பீங்கான் தட்டு ஏன் விரிசல் விட்டது என்று அவள் எழுதினால் துப்பறியும் கதை மாதிரி இருக்கும். இருக்கும் என்று அவளேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் படிக்க ஆளில்லை. வீட்டுக்காரரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டினாள். இரண்டாவது வரியில் குறட்டை வந்தது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், தன் சுருக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட வேண்டும் என்பதுதான் பாவம், அவளுடைய ஒரே ஆசை.

வாசகர் வரவில்லை, மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஓராண்டுக் காலத்தில் எவராலும் திறக்கப்படாத கட்டுரைகள் பயனற்றவையெனக் கருதப்பட்டு நீக்கப்படுமாம்.

"எவ்வளவுப்பா போகும்?" என்று இயக்குநர் கேட்டார்.

"கிட்டத்தட்ட எல்லாமே சார்" என்றான் கணினித் தம்பி.

இயக்குநர் சுற்றறிக்கையை மறுபடி படித்தார். முகம் மலர்ந்தது.

"திறக்கணும்னுதானே போட்டிருக்காங்க? படிக்கணும்னு போடலையே?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன, நாமளே திறப்போம்!"

அன்றிலிருந்து திறந்தார்கள். கணக்கர் திறந்தார், ஓட்டுநர் திறந்தார், வாயிற்காவலர் வாயிலைத் திறப்பதை விட்டுவிட்டுக் கட்டுரைகளைத் திறந்தார். திறந்த நொடியே மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். சுருக்கக்காவும் மனசே இல்லாமல் திறந்தாள், தான் எழுதியது அழிந்துபோகக் கூடாதே என்று. வருஷக் கடைசியில் எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. 'மக்கள் பெரிதும் விரும்பும் தரவுத்தளம்' என்று கேடயம் கொடுத்தார்கள். மக்கள் இவ்வளவு விரும்புவதால் அடுத்த வருஷ இலக்கை இரண்டு மடங்கு ஆக்கினார்கள். 'திறப்பு உதவியாளர்' என்று புதுப் பதவிகளே உருவாயின.

இவ்வளவு புகழ் பெற்ற பொருளைத் திருடர்கள் விட்டு வைப்பார்களா? கணினித் தம்பி ஒரு காவல் ஏற்பாடு செய்தான். வழக்கமான வாசகர் எப்படி நடந்துகொள்வார் என்பதை அது தானே கவனித்துக் கற்றுக்கொண்டது. ஒரு நாள் காலையில் அது அலறியது.

"சார், யாரோ ஒரு ஆள் ஒரே கட்டுரையில அரைமணி நேரமா உட்கார்ந்திருக்கான்! கொஞ்சம் கீழ போறான், திரும்ப மேல வர்றான்!" என்று ஓடி வந்தான் கணினித் தம்பி.

"என்ன பண்றான்?"

சுருக்கக்கா திரையை எட்டிப் பார்த்தாள். "படிக்கிறார் சார்" என்றாள்.

"எதுக்கு?" என்றார் இயக்குநர்.

அதற்குள் காவல் ஏற்பாடு அந்த ஆளைத் தடை செய்துவிட்டது.

மறுநாள் அவரே நேரில் வந்தார். பீங்கான் ஆலையில் உலைப் பொறியாளராம். பையிலிருந்து விரிசல் விட்ட தட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "ஆறும்போது எல்லாத் தட்டும் இப்படித்தான் ஆகுதுங்க. ஒவ்வொரு வரியா மறுபடி மறுபடி படிச்சேன், நல்லாப் புரியணுமேன்னு. எட்டாவது வரியில கதவைச் சாத்திட்டீங்க. அந்தச் சுருக்கம் யாருங்க எழுதினது? என்ன ஆகப்போகுதோன்னு பதைபதைப்பா இருந்துச்சு."

சுருக்கக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தாங்க. காரணம் ஒன்பதாவது வரியில..."

"அம்மா!" என்று இயக்குநர் கையை உயர்த்தினார். "வாயால சொன்னா திறப்புக் கணக்குல வராது. தடையை நீக்கவும் வழியில்ல, ஊழியர்களுக்கு மட்டும்தான் விலக்கு." யோசித்தார். அவர் யோசித்தால் வழி பிறக்காமல் போகாது. "சார், நீங்க இங்கயே சேர்ந்துடுங்களேன்? திறப்பு உதவியாளர் இடம் ஒண்ணு காலியா இருக்கு. நிரந்தர வேலை. உலைச் சூடெல்லாம் கிடையாது."

பொறியாளர் தட்டைப் பார்த்தார். சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

சுருக்கக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்திலேயே தனக்கிருக்கும் ஒரே வாசகர் பக்கத்து மேஜையில்! ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அந்த மிச்சம் ரெண்டு வரி..."

"அப்புறம் பார்க்கலாம்க்கா" என்றார் அவர், விரல் ஓயாமல். "இன்னிக்கு இலக்குல பாதிகூட வரல. நீங்களும் கொஞ்சம் வேகமாத் திறங்க. உங்களாலதான் நம்ம அறை பின்தங்குதாம்."

அவருடைய பழைய ஆலையில் தட்டுகள் தொடர்ந்து விரிசல் விட்டன. அந்த மர்மத்தை ஆராய வெளிநாட்டிலிருந்தே நிபுணர்கள் வந்து, அருமையான கட்டுரை ஒன்று எழுதினார்கள். அதற்குச் சுருக்கக்கா தன் வாழ்நாளிலேயே சிறந்த பத்து வரியை எழுதிச் சேர்த்தாள். முதல் ஆளாகத் திறந்தவர் பொறியாளர்தான். திறந்த நொடியே மூடிவிட்டார்.