படகுக்கு ஒரு கையெழுத்து

அந்த வருஷம் பிப்ரவரியில் நான் ஒரு சபதம் எடுத்தேன். இனி இந்த வீட்டில் விர்ஜில் ஹாகன் வைத்ததுதான் சட்டம்! காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் சபதம் எடுத்தேன். என் மனைவி மார்லிஸுக்குப் பாம்புக் காது.

விஷயம் இதுதான். பத்தொன்பது வருஷம் வாடகை கொடுத்து அழுதுவிட்டு, முந்தின நவம்பரில்தான் சொந்த வீடு வாங்கினோம். முதல் வீடு வாங்கியவர்களுக்கு அரசாங்கம் வரியில் எட்டாயிரம் டாலர் திருப்பித் தந்த காலம் அது. மார்லிஸுக்கு அதில் இரண்டாவது குளியலறை வேண்டும். வீட்டில் ஒரு மனைவி, இரண்டு மகள்கள், ஒரே ஒரு குளியலறை. நான் பல் தேய்ப்பதே சமையலறைத் தொட்டியில்தான். இருந்தாலும் எனக்குப் படகுதான் வேண்டும். அவளுக்குத் தெரியாமல் முன்பணமும் கட்டிவிட்டேன்.

திட்டம் ரொம்ப சுலபம். வரிப் படிவத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பி, பணம் போய்ச் சேரும் இடத்தில் என்னுடைய தனிக் கணக்கு எண்ணைப் போட்டேன். ஒரே தட்டு. படகு என்னுது!

தட்டினேன். "வீட்டுச் சலுகை கேட்பவர்கள் கம்ப்யூட்டரில் அனுப்ப முடியாது. அச்செடுத்து, கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டு, வீட்டுக் கிரயத் தாளையும் சேர்த்துத் தபாலில் அனுப்பவும்" என்றது.

தபாலில்! எங்கள் ஊர்த் தபால் ஆபீஸ் கவுண்டரில் நிற்பதே மார்லிஸ்தான்.

சனிக்கிழமை காலை, அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் படிவத்தைக் கிரயத் தாளோடு நீட்டினேன்.

"வரிக் காகிதம். ஒரே போர். படிக்காதே."

"எங்க போடணும்?"

கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிறவள், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கவரை நான் ஒட்டி வைக்கிறேன். நீ போய்க் கார் மேல இருக்கற பனியைச் சுரண்டு."

"நானே தபால்ல போட்டுடறேன். உன் கவுண்டர்ல கூட்டமா இருக்கும்."

"என்ன ஒரு அக்கறைப்பா உனக்கு!"

இருபது மைல் ஓட்டி, பக்கத்து ஊர்த் தபால் ஆபீஸுக்குப் போனேன். அங்கே கவுண்டரில் மார்லிஸின் சிநேகிதி டோரீன்.

"வாங்க விர்ஜில்! நீங்க இங்கதான் வருவீங்கன்னு மார்லிஸ் இப்பத்தான் போன்ல சொன்னா."

"அ... அப்படியா?"

"கவர்ல வீட்டுக் காகிதம் இருக்கான்னு பார்க்கச் சொன்னா. அது இல்லேன்னா எட்டாயிரம் அம்போதானாமே?"

பிரித்தேன். கிரயத் தாளைக் காணோம். அதற்குப் பதிலாகக் குளியலறை ஓடு விற்கும் கடையின் விளம்பரத் தாள். நீலப் பூப்போட்ட ஓடு ஒன்றைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

மறுபடி இருபது மைல். எங்கள் ஊர் வரிசையில் ஆறாவது ஆளாக நின்றேன். எனக்குப் பின்னால் பாதிரியார்.

"அடுத்தது! சொல்லுங்க சார், என்ன வேணும்?"

"மார்லிஸ், விளையாடாதே. அந்தத் தாளைக் கொடு."

மேஜை இழுப்பறையைத் திறந்தாள். கிரயத் தாள் இருந்தது. கூடவே புதிதாக அச்செடுத்த படிவம். அதில் எங்கள் இருவர் பேரிலும் உள்ள கணக்கு எண். அவள் கையெழுத்து முதலிலேயே விழுந்திருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த மாசம் மட்டும் புது வீட்டுக்காரங்க பதினோரு பேர் தடித்தடியா கவர் கொண்டுவந்தாங்க. அப்ப உன்னோடதும் கம்ப்யூட்டர்ல போகாதுல்ல?"

"சரி, அந்தப் படகு..."

"படகுக் கடைக்காரன் உன் பேருக்கு மூணு கவர் அனுப்பினான். அதை நம்ம தபால் பெட்டியில போட்டது யாருன்னு நெனச்சே?"

"கையெழுத்தைப் போட்டுத் தொலையேன் விர்ஜில்" என்றார் பாதிரியார். "வெளியில என் வண்டி உறையுது."

போட்டேன்.

"சாதாரணத் தபாலா, பதிவுத் தபாலா சார்?"

"சாதாரணம்."

"பதிவே போட்டுடறேன். அஞ்சு டாலர் ஐம்பத்து நாலு சென்ட்."

என் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எட்டாயிரத்துக்கு அடையாளமாக அந்த ரசீதாவது என் கைக்கு வரட்டும் என்று கையை நீட்டினேன்.

"இது என்கிட்ட இருக்கட்டும், நீங்க தொலைச்சிடுவீங்க சார்" என்றாள். "அடுத்தது!"