கேக்குதுங்களா, ஓவர்

பூமி உருண்டையில் எந்த மூலையைத் தொட்டாலும் அங்கே ஒரு சிநேகிதர் இருந்து, சொந்தத் தெருவில் மட்டும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் ஓவர் சார்தான். பிரேசிலில் ஒரு பல் டாக்டர், ஜப்பானில் ஓய்வு பெற்ற ஒரு ரயில் டிரைவர், யாழ்ப்பாணத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் என்று அவருடைய சிநேகிதம் நீண்டுகொண்டே போகும். ஆனால் விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில், அவர் தலை தெரிந்தால் வாசல் பெருக்குகிறவர்கள் துடைப்பத்தோடு உள்ளே போய்விடுவார்கள்.

அவர் ஹாம் ரேடியோக்காரர். அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டில் சொந்தமாக ஒரு செட்டு வைத்துக்கொண்டு, கம்பி ஒன்றை மொட்டை மாடியில் கட்டி, முன்பின் தெரியாதவர்களோடு காற்றில் பேசுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர். அதில் ஒருவர் பேசி முடித்தால் 'ஓவர்' என்று சொல்வார். நான் முடித்துவிட்டேன், இனி நீங்கள் பேசலாம் என்று பொருள். இவர் அதைத் தெருவுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் ஓவர் சொன்னால் போதாது, நாமும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாம் இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்து, மரியாதையாகக் காத்துக்கொண்டே நிற்பார். கீரைக்காரம்மா விலையைச் சொல்லிவிட்டு நிற்பாள். இவரும் நிற்பார். வெயில் ஏறிக்கொண்டிருக்கும்.

கடைசியில் அந்தம்மாதான் இறங்கி வந்தாள். "கட்டு பத்து ரூவா, ஓவரு. எடுத்துகிட்டுப் போ சாமி, எனக்கு இன்னும் நாலு தெரு இருக்குது."

அன்றிலிருந்து அவருடைய சொந்தப் பெயர் அடியோடு மறந்துபோனது. அவர் மனைவி 'ஓவர் வூட்டம்மா' ஆனாள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வாழ்நாளெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரார் குரல்களை ஊராரோடு இணைத்துவிட்டு, இனி ஒரு ஹலோவும் வேண்டாம் என்றுதான் இந்தத் தெருவில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டேன். கணவர் காலமாகிவிட்டார், மகள் கோயம்புத்தூரில். அமைதி வேண்டி வந்தவளுக்கு அடுத்த வீட்டில் ஓவர் சார். நான் என்ன வேலை பார்த்தேன் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சி இருக்கிறதே, காணாமல் போன அக்காவைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

"எக்ஸ்சேஞ்சம்மா, நாம ரெண்டு பேரும் ஒரே சாதிங்க. குரல் சாதி."

"தம்பி, நான் ரிட்டயர் ஆயிட்டேன்" என்றேன்.

"ஓவர் சொல்லலியே நீங்க" என்றார்.

தொழிலில் அவர் பீங்கான் ஃப்யூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் செய்கிறவர். தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு யூனிட். சென்னையிலிருந்து ஒருவர் முட்டை வடிவத்தில் சின்னச் சின்ன இன்சுலேட்டர்கள் கேட்டு ஆர்டர் கொடுத்திருக்கிறார். இவ்வளவு சின்னது எந்த மின்கம்பத்துக்கு என்று இவருக்குக் குழப்பம். சரக்கைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு விசாரித்தார். அந்த மனிதர் மாடிக்குக் கூட்டிப்போய், இவருடைய முட்டை ஒன்றைக் கம்பியில் கோத்து, செட்டைத் திருகிக் காதில் மாட்டிவிட்டார். கேட்ட முதல் குரல் யாழ்ப்பாணத்து மளிகைக் கடைக்காரருடையது. தன் வீட்டுப் பலா மரம் இந்த வருடம் காய்க்கவில்லை என்று அவர் யாரிடமோ வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். ஓவர் சார் ஊர் திரும்பியபோது பாதி மனிதர்தான் திரும்பினார். மீதிப் பாதி அந்தப் பலா மரத்தடியில் நின்றுவிட்டது.

பரீட்சைக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு பழக வேண்டியிருந்தது. நேரம் கிடைக்கவில்லை என்று சாப்பிடும்போது கரண்டியால் தட்டில் தட்டிப் பழகினார். தட்டுகிற சத்தம் கேட்டாலே இன்னும் கேட்கிறார் என்று நினைத்து ஓவர் வூட்டம்மா சோற்றைப் போடுவாள். பரீட்சையில் தேறி முடித்தபோது பழைய சட்டை எதையும் அவரால் போட முடியவில்லை.

காற்றில் பேசுகிறவர்கள், உங்கள் குரல் எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதற்கு மதிப்பெண் கொடுப்பார்கள். தெளிவுக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பது வாங்கினால் அதற்கு மேல் இல்லை. இவர் அதை வீட்டுச் சாம்பாருக்குக் கொடுத்தார்.

"சாம்பார் அஞ்சு ஒம்போது."

"பத்துக்குப் பத்து போட்டா என்ன கொறைஞ்சா போயிடுவீங்க" என்று கேட்டுவிட்டு அந்தம்மா ஒரு வாரம் பேசவில்லை. அவரும் அது அலைவரிசைக் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கம்பி அவர் மாடியிலிருந்து புறப்பட்டு என் மாடியைக் கடந்து ஒரு தென்னை மரத்தில் முடியும். நான் அதை நல்ல கொடிக் கயிறு என்று நினைத்து ஒரு நாள் துவைத்த புடவையைப் போட்டுவிட்டேன். சற்று நேரத்தில் படியேறி மூச்சிரைக்க வந்தார்.

"எக்ஸ்சேஞ்சம்மா, ஈரப் பொடவைங்களா?"

"ஆமாம் தம்பி."

"பிரேசில் போயிடுச்சுங்க."

பல் டாக்டர் தன் மகளுக்கு வரன் அமைந்த விஷயத்தைப் பாதி சொல்லிக்கொண்டிருந்தாராம். மாப்பிள்ளை என்ன வேலை என்பது என் புடவையால் இன்று வரை தெரியவில்லை.

மாதா கோவில் சம்பவம் இன்னும் பெரியது. ஓவர் சார் தன் கையாலேயே ஒரு செட்டுச் செய்து சோதித்த ஞாயிற்றுக்கிழமை அது. நான் பூசையில் இருந்தேன். பங்குத்தந்தை உருக்கமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். "ஆண்டவர் ஒவ்வொரு நாளும் நம்மை அழைக்கிறார். அந்தக் குரல் நமக்குக் கேட்கிறதா?" என்று கேட்டு, சற்று நிறுத்தினார்.

ஒலிபெருக்கி பதில் சொன்னது. "கேக்குது, கேக்குது. ரொம்பத் தெளிவா கேக்குதுங்க. நான் விருத்தாசலத்துல இருந்து பேசறேன். உங்க ஊர்ல மழைங்களா, ஓவர்."

கோவிலில் எல்லாரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். யார் குரல் என்று எனக்குத் தெரியும். பங்குத்தந்தைக்கும் தெரிந்துவிட்டது. ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு, "இங்கே மழை இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் பிரசங்கத்தைத் தொடர்ந்தார். மறுநாள் ஓவர் சார் மன்னிப்புக் கேட்கப் போய், ஒலிபெருக்கிக் கம்பியில் ஏதோ கருப்பு வளையங்களை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பின் கோவில் ஒலிபெருக்கியில் இரைச்சலே இல்லை. ஆனால் பிரசங்கத்தில் பங்குத்தந்தை கேள்வி கேட்பதும் நின்றுவிட்டது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காற்றுக் கூட்டத்தாருக்கு ஒரு வழக்கம். தினமும் காலையில் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். ஒருவர் வரிசையாக அழைக்க, மற்றவர்கள் இருக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு காலை, வயநாட்டில் தனியாக இருந்த பெரியவர் ஒருவர் பதில் சொல்லவில்லை. மறுபடியும் அழைத்தார்கள், இல்லை. உடனே பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், பெரியவர் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்கவைத்தார்கள்.

இது ஓவர் சாரை மிகவும் பாதித்துவிட்டது. என் வாசலில் வந்து நின்றார்.

"வயநாட்டுல ஒருத்தர் பதில் சொல்லலைனா எனக்கு இங்க தெரியுது. என் தெருவுல ஒருத்தர் பதில் சொல்லலைனா எனக்குத் தெரியமாட்டேங்குது. இது நல்லாவா இருக்குது, எக்ஸ்சேஞ்சம்மா?"

அடுத்த நாளிலிருந்து, காற்றில் அழைத்து முடித்ததும் தெருவில் இறங்கிவிட்டார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "கேக்குதுங்களா, ஓவர்" என்பார். நாம் "கேக்குது" என்று சொன்னால்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வார். பல் துலக்குகிறவர்கள் நுரையோடு சொன்னார்கள். கம்மாபுரத்துப் பக்கம் சுரங்க வேலைக்கு ஷிப்ட் போய்வந்து தூங்குகிறவர் தலையணைக்குள்ளிருந்து சொன்னார். எல்லாருக்கும் எரிச்சல். நான் ஒருத்தி மட்டும், பழைய தொழில் புத்தி, குரலைச் சரிசெய்துகொண்டு "கேக்குதுங்க" என்று சுத்தமாகச் சொல்வேன்.

ஒரு நாள் காலையில் நான் சொல்லவில்லை.

குளியலறையில் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி, இடுப்பு அடிபட விழுந்திருந்தேன். கதவு உள்தாழ்ப்பாள். போன் சமையலறையில். வலியில் குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எத்தனையோ பேருடைய குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள், என் குரலை அடுத்த அறைக்குக்கூட அனுப்ப முடியாமல் ஈரத் தரையில் கிடந்தேன். மகள் முகம் வந்தது. சாயங்காலம் அவள் போன் செய்வாள். அதுவரை என்று நினைத்தபோது முதல்முறையாகப் பயம் வந்தது.

வாசலில் குரல். "எக்ஸ்சேஞ்சம்மா, கேக்குதுங்களா, ஓவர்."

கேட்கிறது. நன்றாகவே கேட்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கைக்கு எட்டிய பிளாஸ்டிக் சொம்பை எடுத்துக் கதவில் தட்டினேன். அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடிவருவது காலடியில் தெரிந்தது. குளியலறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். அப்பாடா என்று இன்னும் பலமாகத் தட்டினேன்.

வெளியே அவர் குரல், தந்தி படிப்பது போல நிதானமாக. "ஈ... ஈ... டி... என். எக்ஸ்சேஞ்சம்மா, புரியலீங்க. கொஞ்சம் மெதுவா தட்டுங்க. ரிப்பீட்."

வலியிலும் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஓங்கித் தட்டினேன்.

"இது 'டி'ங்க. தனி 'டி'. அதுக்கப்புறம் என்னாங்க?"

அதற்குள் பின்னாலேயே வந்துவிட்ட ஓவர் வூட்டம்மாவின் குரல் கேட்டது. அந்தம்மா பத்துக்குப் பத்து வாங்க வேண்டியவள் என்று நான் முடிவு செய்த இடம் அது. "எழுத்துக் கூட்டிகிட்டு நிக்கிறீங்களே, அவங்க வுழுந்து கெடக்கறாங்க. கதவ ஒடைங்க."

உடைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டே உள்ளே வந்து என்மேல் துண்டைப் போர்த்தினார் ஓவர் சார். ஆம்புலன்சில் புதுச்சேரி ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் என்னிடம் ஒரு தடவைகூட ஓவர் சொல்லவில்லை. பேசிக்கொண்டே வந்தார். நிறுத்தினால் நான் கண்ணை மூடிவிடுவேன் என்று பயந்திருக்கிறார்.

இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் கிடந்தேன். மகள் வந்திருந்தாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஓவர் சார் கையடக்க செட்டு ஒன்றோடு வந்தார். காலைக் கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பற்றித்தான் விசாரிக்கிறார்களாம்.

"விதிப்படி உரிமம் இல்லாதவங்க பேசக்கூடாதுங்க. நீங்க சொல்லுங்க, நான் சொல்றேன்."

"வலி இருக்குது, பரவாயில்லைன்னு சொல்லுங்க தம்பி. எல்லாருக்கும் நன்றி சொல்லுங்க."

அவர் செட்டை வாயருகே கொண்டுபோனார். "அம்மா சிங்கம் மாதிரி இருக்காங்க. இப்பதான் எழுந்து வராண்டா வரைக்கும் நடந்துட்டு வந்து உக்காந்தாங்க, ஓவர்."

"நான் எங்க தம்பி நடந்தேன்?"

"நாளைக்கு நடப்பீங்க. சேதி முன்னாடி போயிட்டு இருக்கட்டும்."

செட்டிலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. மதுரைக் குரல், சேலத்துக் குரல், பாலக்காட்டுத் தமிழ். முகம் தெரியாத மனிதர்கள், நான் நடந்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டார்கள். இதையெல்லாம் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று அதட்ட வந்த நர்ஸ், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நாகர்கோவில்ல யாராவது இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மறுநாள் நான் நடந்தேன். மருத்துவர் சொன்னதற்காக இல்லை. இத்தனை பேர் நம்பிவிட்டார்களே, அவரைப் பொய்யராக்கக் கூடாது என்பதற்காக. வாக்கரைப் பிடித்து வராண்டா வரைக்கும் போய் அழுதுவிட்டுத் திரும்பினேன்.

போன தை மாதம் ஓவர் சார் மகளுக்குக் கல்யாணம். மங்கலம்பேட்டை ரோட்டில் மண்டபம். அவர் பக்கத்து விருந்தாளிகள் என்று யார் வரப்போகிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். காலையிலிருந்து காற்றுக் கூட்டத்தார் பஸ்ஸிலும் காரிலும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வருடக்கணக்காகத் தினமும் பேசியவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருவர் வாசலில் "மண்டபம் இதானுங்களா?" என்று கேட்க, கை கழுவிக்கொண்டிருந்த இன்னொருவர் சட்டென்று திரும்பி, "மதுரைதானே நீங்க?" என்று ஈரக் கையோடு கட்டிக்கொண்டார். சேலத்திலிருந்து கண் தெரியாத ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். அங்கே எல்லாரையும் எல்லாருக்கும் அறிமுகப்படுத்தி வைத்தவர் அவர்தான்.

அவர் என் பக்கம் திரும்பி, "விருத்தாசலம் அம்மாங்களா? உங்களப் பத்தி தினம் கேட்டுருக்கோம். உங்க குரலத்தான் கேட்டதில்லை. ஏதாச்சும் பேசுங்க" என்றார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பேசியே சம்பளம் வாங்கியவள், பழைய வழக்கப்படி குரலைச் சரிசெய்துகொண்டேன். "நல்லா நடக்கறேங்க" என்றேன். அவர் தலையை ஆட்டி, அதை ரசித்துக் கேட்டார்.

பந்தி முடிகிற நேரம். ஓவர் சார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். ஒருவரை வழியனுப்புவார், ஒருவரிடம் கதை தொடங்குவார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று ஓவர் வூட்டம்மா சொன்னாள். நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய், அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்து, ஒரு இலை போடச் சொன்னேன். எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் பாயசம் குடித்து முடிக்கிற வரைக்கும் ஒருத்தரையும் அவரோடு பேச விடவில்லை.