செம்பூருக்கு ஒரு விசா

வெளிநாடு போனவர்களை உங்களுக்குத் தெரியும். போகாதவர்களையும் தெரியும். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு: போகப் போகிறவர்கள். ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் இந்த இனம் பிறக்கிறது. தாய்லாந்தில் தங்க ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும், தொண்ணூறு நாளைக்கொரு தரம் விலாசம் சொல்ல வேண்டும், போர்ச்சுகலில் மாதாமாதம் பென்ஷன் வருவதைக் காட்ட வேண்டும், மலேசியாவில் டெபாசிட் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டுக் காஸ் புக்கிங் நம்பர் மட்டும் பெண்டாட்டியைக் கேட்டால்தான் தெரியும்.

பார்க்க ஆசையா? காலை ஏழு மணிக்கு எங்கள் மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்கு வாருங்கள். கட்டம் போட்ட சட்டை, கக்கத்தில் ஒரு ஃபைல். அவர்தான் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி பஞ்சு மாமா. சௌக்கியமா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அடுத்த மார்ச்சுக்குள் பினாங்கு என்பார். எந்த மார்ச் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஒன்பது மார்ச் போய்விட்டது.

இந்த இனத்தைச் சரியாக அடையாளம் காண வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே புதிதாக ஒரு சாமானும் இருக்காது. ஃப்ரிட்ஜ் கதவை ஒரு பழைய நாடா இழுத்துப் பிடித்திருக்கும், சுவர் வெள்ளையடிப்பைக் கண்டு மாமாங்கம் ஆகியிருக்கும், மிக்ஸி மூடி உடைந்து போய் மாமாவின் மனைவி ஷ்யாமளா மாமி ஒரு தட்டை வைத்து அழுத்திக்கொண்டு தேங்காய் அரைப்பார். ஏன் ஒரு மூடி வாங்கக் கூடாது? கிளம்புகிற நேரத்தில் எதற்குத் தண்டச் செலவு?

நாட்டுக்கு ஒரு ஃபைல் வைத்திருந்தார் மாமா. ஒவ்வொரு நாடும் அவரிடம் பரீட்சை எழுதித் தோற்றது. போர்ச்சுகலில் குளிர். மொரீஷியஸில் நாலு பக்கமும் கடல், அவசரம் என்றால் எந்தப் பக்கம் ஓடுவது? தாய்லாந்தில் கட்டிப் பெருங்காயம் கிடைக்குமா என்று தூதரகத்துக்கே கடிதம் போட்டார். பதில் வரவில்லை. பெருங்காயத்துக்கே பதில் சொல்லாத நிர்வாகத்தை நம்பி எப்படிப் போவது? மிஞ்சியது மலேசியாவின் பினாங்கு ஒன்றுதான்.

இப்படியே காலம் ஓடியிருக்கும், கட்டடம் பொறுத்திருந்தால். அது அறுபது வயதுக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. மாமிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஐம்பத்துநாலு படி. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இறங்குவார், ஒவ்வொரு படியிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு. மற்ற ஆறு நாளும் ஜன்னல்தான் அவருக்கு ஊர். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவின் ஃபைல்களைத் தூக்கித் தெருவில் போடலாம் போல ஆத்திரம் வரும். கடைசியில் ஒரு பில்டர் வந்தார். இடித்து, லிஃப்ட் வைத்துக் கட்டித் தருகிறேன், அதுவரை மூன்று வருஷம் எல்லாரும் செம்பூரில் இருங்கள், வாடகை என்னுடையது என்றார். எல்லாரும் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும், மாதக் கடைசிதான் கெடு என்றும் சொன்னார். கட்டடச் சொசைட்டி செக்ரட்டரி அனந்த் பேப்பரைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினான். நானும் கூடப் போனேன்.

"மாமா, இருபத்தோரு வீடும் சைன் பண்ணியாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"செம்பூரா?" என்றார் மாமா. "அங்க நமக்கு யாரு இருக்கா?"

கவனித்தீர்களா? பினாங்கில் இவருக்கு யார் இருந்தார்கள்? செம்பூரில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழர் மேல்தான் விழ வேண்டும். பஸ்ஸில் ஏறினால் அரை மணி. ஆனால் மாமா அசையவில்லை. பக்கத்திலிருக்கும் சயானைத் தாண்டித் தான் ஒரு ராத்திரி தங்கியதில்லை என்றார், அங்கத்துத் தண்ணீர் எப்படியோ என்றார், தான் எப்படியும் மார்ச்சில் பினாங்கு போகிறபோது நடுவில் செம்பூர் எதற்கு என்றார். அனந்த் என்னைப் பார்த்தான். நான் மாமியைப் பார்த்தேன். மாமி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் புதன்கிழமை. மாமி தனியாக ஐம்பத்துநாலு படி இறங்கி, ஒரு மஞ்சள் ஃபைல் வாங்கிக்கொண்டு, ஐம்பத்துநாலு படி ஏறினார். அன்று மாலைக்குள் அது பினாங்கு ஃபைலுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அட்டையில், 'செம்பூர்: நீண்ட காலத் தங்கல்'. உள்ளே, வயது வரம்பு கிடையாது. டெபாசிட் கிடையாது. அனுமதி மூன்று வருஷம். தட்பவெப்பம் மாட்டுங்கா மாதிரியே. கட்டிப் பெருங்காயம் விற்கும் கடைகள் ஐந்து, விலாசத்தோடு.

மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பழக்கம் விடுமா? சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டார். நான் கெடுவை ஞாபகப்படுத்தப் போனபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"தொண்ணூறு நாளைக்கொரு தரம் ரிப்போர்ட் பண்ணணுமா?"

"எங்கிட்டப் பண்ணினாப் போறும்."

"மல்ட்டிபிள் என்ட்ரி உண்டோ?"

"எத்தனை தரம் வேணும்னாலும் மாட்டுங்கா வந்துட்டுப் போலாம்."

மாமா ஒரு டிக் போட்டார். அப்புறம் பினாங்கு ஃபைலை ஏக்கத்தோடு தடவினார். மாமிக்குப் பொறுமை தீர்ந்தது.

"ஏன்னா, உங்க பாஸ்போர்ட் காலாவதியாகி நாலு வருஷமாறது. தெரியுமோ? நேக்குத் தெரியும். நான் சொல்லலை. இருக்கட்டும், ஆசைப்படறேள்னு விட்டுட்டேன். இப்ப இந்த முழங்கால் கேக்கறது. சைன் பண்ணுங்கோ."

மாமா பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார், கூடவே இரண்டு போட்டோவும் ஒட்டினார், யாரும் கேட்காமலே.

இப்போது செம்பூரில் நாங்கள் எல்லாரும் ஒரே கட்டடம். லிஃப்ட் உண்டு. மாமி காரணமே இல்லாமல் ஒரு நாளைக்கு மூன்று தரம் கீழே வந்து போகிறார். மாமா காலையில் பார்க்கில் உட்கார்ந்து, இங்கே தற்காலிகம்தான், மாட்டுங்காவுக்குத் திரும்புவதற்கான விதிமுறைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறார். கக்கத்தில் புது ஃபைல்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்த கையோடு சமையலறைக்குப் போய், உங்கள் வீட்டு மிக்ஸிக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த நாடு என்று மட்டும் எனக்குச் சொல்லியனுப்புங்கள். மாமாவிடம் ஃபைல் இருக்கிறது.