சுவர் நலம்

சங்கரன்கோவில்,
ஆவணி மாதம்.

சிரஞ்சீவி ஹரிசங்கருக்கு அப்பா கைலாசநாதன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் சுவர் நலம். அது எனக்கு முன்பே உனக்குத் தெரியும். உன் நலமும் மருமகள் மீனலோசினியின் நலமும் அறிய இங்கே கருவி எதுவும் இல்லாததால் எழுதிக் கேட்கிறேன்.

மாடிச் சுவரில் வெடிப்பு என்றதும் நீ புனேயிலிருந்து வந்து ஆறு பெட்டிகளை ஒட்டிவிட்டுப் போனாய். சுவர் சும்மா இருந்தால் பச்சை விளக்கு, லேசாக அதிர்ந்தால் மஞ்சள், பலமாக அதிர்ந்தால் சிவப்பு, உடனே உன் போனுக்குச் செய்தி என்றாய். கம்பியே இல்லாமல் ஆறும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்றும் சொன்னாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நானும் உன் அம்மாவும் அவ்வளவு பேசியதில்லை. மறுநாளே சிவப்பு. நீ பதறிப்போய்ப் போன் செய்ய, நான் கொத்தனார் மருதப்பனைக் கூட்டிவர, அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், அதை ஒட்டி நின்ற இரும்பு பீரோவைப் பார்த்தார், முகத்தைத் தூக்கி வைத்திருந்த உன் அம்மாவையும் பார்த்தார். "சுவத்துக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பீரோவத் தள்ளிப் போடுங்க. இல்லன்னா நீங்க கொஞ்சம் அடங்கிப் போங்க" என்றார். வடிவாம்பாளுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டாள், பீரோக் கதவைத்தான் அறைந்து சாத்துவாள் என்பதை உன் கருவிக்கு யாரும் சொல்லவில்லை.

பீரோவைத் தள்ள அவள் விடவில்லை. அப்புறம் சண்டை இல்லாத நாளிலும் அறைந்தாள். "இப்பம் நான் என்ன செஞ்சேன்?" என்றால், "இது ஒங்களுக்கு இல்ல. ஹரிக்கு. பேசி எம்புட்டு நாளாச்சு. இப்பம் கூப்பிடுவான் பாருங்க" என்பாள். நீயும் கூப்பிடுவாய். "சுவர் எப்படிம்மா இருக்கு?" என்பாய். "ஆடிக்கிட்டுத்தான் இருக்கு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்பாள்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். அதற்கு முன்பே அவளுக்குக் கொள்ளி வைக்க வரவேண்டியதாயிற்று. காரியம் முடிந்து ஊர் போய்ச் சேர்ந்து செய்தி அனுப்பினாய்: "அப்பா, ரொம்ப நாளா அதிர்வே இல்ல. வீடு நல்லா ஆயிடுச்சு." படித்துவிட்டு ஆறு பச்சை விளக்குகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு நீ போன் செய்யவில்லை. செய்யக் காரணமும் இல்லை, நியாயம்தான். நலமான வீட்டுக்கு ஆறு வைத்தியர்கள் எதற்கு? அடுத்த முறை வரும்போது கழற்றிக்கொண்டு போய்விடு.

நம்மூர்க் கோயில் கோமதியம்மாள் உங்கள் இருவரையும், நீங்கள் குடியிருக்கும் பதினோராம் மாடியையும் தாங்கட்டும்.

அன்புள்ள அப்பா,
கைலாசநாதன்.

பி.கு.: பெட்டிகளைக் கழற்ற வேண்டாம். உறையை ஒட்டும் முன் பீரோக் கதவை நானும் ஒருமுறை அறைந்து பார்த்தேன். மஞ்சள்தான் வந்தது. மஞ்சளுக்கு நீ கூப்பிட மாட்டாய் என்று தெரியும். பழகிக்கொண்டிருக்கிறேன்.