மேலாளரின் வேகம்

மூன்றாவது கிலோமீட்டர் முடிவதற்குள் மேலாளருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பூங்கா வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவர், தப்பு தன்னுடையது அல்ல, திட்டம் போட்டவனுடையது என்று மூச்சுக்கு நடுவே தீர்ப்புச் சொன்னார்.

திட்டம் போட்டவர் உதவி மேலாளர். எத்தனையோ வருடங்களாக அதே நாற்காலியில் இருந்ததால் அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'உதவி' என்றே கூப்பிட்டுப் பழகி, பெயரையே மறந்துவிட்டார்கள். மேலாளருக்கு அந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறும் வயது. போகிறவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கே நாற்காலி என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். கைகாட்டும் விரல் இப்போதைக்கு இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் உதவி. மறுபக்கம் விற்பனைப் பிரிவின் தலைவர். உதவியைவிட இளையவர், பல்வரிசை நன்றாக இருக்கும், எதைச் சொன்னாலும் அதைக் காட்டுவார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மேலாளருக்கு அரை மாரத்தான் ஆசை வந்தது. இருபத்தொரு கிலோமீட்டர். விற்பனைக்காரர் பல்லைக் காட்டி "சூப்பர் சார்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். உதவிதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"வேகத்தை நான் திட்டம் போட்டுத் தரேன் சார். கூடவே ஓடியும் வரேன்."

அதற்கு முன்பு அவர் பஸ்ஸுக்குப் பின்னால்தான் ஓடியிருக்கிறார். ஆனால் கணக்கு வரும். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் தன் வேகம் என்று மேலாளர் சொன்னதை நம்பி, அதற்குத் தகுந்தபடி முழுத் தூரத்தையும் பிரித்து வைத்தார். அது மேலாளர் கல்லூரியில் படிக்கும்போது ஓடிய வேகம் என்பது வேலியைப் பிடித்த பிறகுதான் வெளியே வந்தது.

மறுநாள் உதவி எட்டரை நிமிடம் என்று மாற்றிக்கொண்டு போனார். மேலாளரின் முகம் சுண்டிவிட்டது.

"எட்டரையா? என்னை என்ன, ஆஸ்பத்திரி வராந்தாவுல நடை பழகறவன்னு நெனச்சியாய்யா?"

அன்று மாலை முழுக்க மேலாளர் அறையிலிருந்து விற்பனைக்காரரின் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

உதவி யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. கண்ணாடி இல்லாமல் மேலாளருக்குக் கடிகாரம் தெரியாது. ஓடும்போது கண்ணாடி மூக்கில் நிற்காது. எனவே கடிகாரத்தை உதவி தன் கையில் கட்டிக்கொண்டார். ஓடியது எட்டரை, வாயால் சொன்னது ஆறு. "அச்சுப் பிசகலை சார்" என்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒருமுறை சொல்வார். மேலாளருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

வீட்டில் உதவியின் மனைவி அவருடைய வீங்கிய முட்டிக்கு ஐஸ் வைத்தாள்.

"இத்தனை வருஷம் அவருக்கு ஃபைல் தூக்கினீங்க. இப்ப கடிகாரமும் தூக்கறீங்க," என்றாள்.

இந்த மாதம் ஒன்றுதான், அப்புறம் தனக்குத் தூக்க ஆள் இருக்கும் என்றார் உதவி. அவள் ஐஸை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

பொய்க்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று உதவி எதிர்பார்க்கவில்லை. மேலாளர் கூட்டத்தைக் கூட்டி, இரண்டேகால் மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கப்போவதாக அறிவித்துவிட்டார். தலைமை அலுவலகத்துக்கும் சொல்லியாயிற்றாம், புகைப்படக்காரருக்கும் ஏற்பாடாம். கைக்கடிகாரத்தின் சார்பில் எந்தப் பொய்யையும் சொல்லலாம். முடிவுக்கோட்டின் மேல் தொங்கும் பெரிய கடிகாரம் உதவியின் சொல்லுக்குக் கட்டுப்படாது. மூன்று மணி நேரம் என்று அது ஊருக்கே காட்டும்.

பெரிய பெரிய வீரர்களெல்லாம் முதல் பாதியை வேண்டுமென்றே மெதுவாகத்தான் ஓடுவார்கள் என்று உதவி ஒரு வாரம் ஓதினார். மேலாளரும் தலையாட்டினார். போட்டியன்று கூட்டம் கைதட்டியதும் அந்த ஓதலெல்லாம் காற்றில் பறந்தது. புதுக் காலணியில் விற்பனைக்காரர் முன்னால் போவதைப் பார்த்த மேலாளர் பிய்த்துக்கொண்டு ஓடினார். "மெதுவா சார், மெதுவா சார்" என்று கத்திக்கொண்டே உதவி வீங்கிய முட்டியோடு பின்னால் ஓடினார்.

பாதி தூரம்கூட வரவில்லை. மேலாளர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிவிட்டார்.

"முடியலைய்யா. நான் வீட்டுக்குப் போயிடறேன்."

ஓட முடியாதவர்களை ஏற்றிப்போகும் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. மேலாளர் ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டார். இவர் இந்த வண்டியில் போய் இறங்கினால் பழி யார் தலையில் விழும் என்று உதவிக்கு நன்றாகவே தெரியும். பாய்ந்துபோய் மேலாளரின் இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கினார். குனிந்து காலணியை மாட்டி, கயிற்றையும் கட்டிவிட்டார்.

"அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் ஓடலாம் சார். அடுத்த கம்பம் வரைக்கும் நடக்கலாம். அவ்வளவுதான்."

கம்பம் கம்பமாக நகர்ந்தார்கள். மேலாளர் உதவியின் தோளில் தொங்கினார். நடுவில் ஒருமுறை, இப்போது என்ன வேகம் என்று கேட்டார். நடந்துகொண்டிருந்த உதவி, "ஆறு சார்" என்றார். சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. மேலாளரை வெறுத்தார், அவரைவிடத் தன்னை அதிகமாக வெறுத்தார். ஆனாலும் விடவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெரிய கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். புகைப்படக்காரர் கிளம்பிப் போயிருந்தார். மேலாளர் எதையும் கவனிக்கவில்லை. கோட்டைத் தாண்டியதும் உதவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இருபது வயசு கொறஞ்ச மாதிரி இருக்குய்யா. உன்னை மறக்கவே மாட்டேன்."

எப்போதோ ஓடி முடித்து, குளித்துச் சட்டை மாற்றி நின்ற விற்பனைக்காரரின் வாய் அன்றுதான் முதல்முறையாக மூடியிருந்தது. மேலாளர் கைபேசியோடு ஓரமாகப் போனார். தலைமை அலுவலகத்தோடு அவர் பேசுவது உதவிக்குக் கேட்டது. உதவி மனசுக்குள் மேலாளரின் நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். முட்டி வலி கொஞ்சம் குறைந்தது.

மேலாளரின் மனைவி கையில் துண்டோடு வந்து உதவியின் எதிரில் நின்றார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று உதவி நொண்டியபடியே எழுந்து நின்றார்.

"இதை முடிச்சுட்டா கம்பெனி குடுக்கற அஞ்சு வருஷ வேலை நீட்டிப்பை வாங்கிக்கறேன், முடியலேன்னா இந்த மாசத்தோட வீட்ல உக்காந்துடறேன்னு எனக்கு வாக்குக் குடுத்திருந்தாரு," என்றார் அந்த அம்மாள். "வண்டியில ஏறப்போனவரை இழுத்து எறக்குனது நீங்கதானாமே?"