குழாய் ஊதும் நாள்

"இந்த வருஷம் நான் மான் வேட்டைக்குப் போகல" என்று அறிவித்தேன்.

என் மனைவி நோரீன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி அப்படியே நின்றது.

"ஏங்க, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

"பக்கத்து வீட்டு ஆர்வல்கூட சண்டையா?"

"அதெல்லாம் இல்ல. மூணு நாளும் உன்கூடவே வீட்ல இருக்கலாம்னு பாத்தேன்."

"எதுக்கு?"

கட்டின மனைவி "எதுக்கு" என்று கேட்டால் ஒரு மனுஷன் என்ன பதில் சொல்வான்? நான் ஜன்னல் வழியாகப் புல்தரையைப் பார்த்தேன். அன்று குழாய் ஊதும் நாள். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள்; முதல் தடவையாக, அவர்கள் இல்லாத குழாய் ஊதும் நாள்.

அமெரிக்காவில் எங்கள் ஐடஹோ மாநிலத்தில் அக்டோபர் பிறந்தால் ஆம்பிளைகளுக்கு இருப்புக் கொள்ளாது. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய்கள் மண்ணுக்கடியில் ஓடுகின்றன. குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் தங்கினால் உறைந்து, குழாயை வெடிக்க வைத்துவிடும். அப்புறம் வசந்தத்தில் தண்ணீரைத் திறந்தால் வீட்டு முன்னால் வாத்து மேய்க்கலாம். அதனால் பனி இறங்குமுன் கம்ப்ரஸரை மாட்டிக் காற்றை ஊதி, உள்ளேயிருக்கிற தண்ணீரையெல்லாம் வெளியே துரத்த வேண்டும். ஊதின மறுநாள் விடியற்காலை நானும் ஆர்வலும் மலைக்கு வேட்டைக்குக் கிளம்பிவிடுவோம். கல்யாணமான நாள் முதல் இதுதான் ஏற்பாடு.

பிள்ளைகள் சின்னதாக இருந்த அந்த நாட்கள் இப்போதும் கண்முன் நிற்கின்றன. உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருப்பார்கள். என் மகள் ட்வைலா கராஜில் ஸ்டூல் போட்டு ஏறி, "அப்பா, மூணாம் நம்பர் வால்வு திறந்தாச்சு!" என்று கத்துவாள். மகன் கேரி மழைச்சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு தெளிப்பானாக ஓடுவான். புஸ்ஸென்று பனிப்புகை மாதிரி நீர் கிளம்பும். நாய் அதைக் கடிக்கப் பார்க்கும். நான் நடுவில் குழாயைப் பிடித்தபடி, தளபதி மாதிரி நிற்பேன். எல்லோரும் நனைந்து நடுங்கிக்கொண்டு உள்ளே போனால் நோரீன் சூடாக பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பு வைத்திருப்பாள். தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை பன். எங்கள் ஊரில் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவோம். யாரும் கேள்வி கேட்டதில்லை.

என் கம்ப்ரஸர் சின்னதுதான். நாலு தெளிப்பான் துப்பும், அப்புறம் மூச்சு வாங்கும். காபி குடித்துவிட்டு வந்தால் மறுபடி துப்பும். இருந்தாலும் இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கைராசி என்று சொல்லிக்கொள்வேன். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் சொல்லிக்கொள்வேன்.

அன்று தனியாகவே ஊதி முடித்தேன். கத்த ஆளில்லை. நோரீன் மட்டும் ஜன்னலில் நின்று கையசைத்தாள். ராத்திரி பூரா அவள் விடாமல் என்னைக் கிளப்பப் பார்த்தாள்.

"மலைக்காத்து உடம்புக்கு நல்லதுங்க."

"வீட்டுக்காத்து போதும்."

"ஆர்வல் பாவம், தனியா போவாரு."

"துப்பாக்கி துணைக்கு இருக்கு."

"மான் பாவம், காத்துக்கிட்டிருக்கும்" என்றாள். எனக்கே கொஞ்சம் சந்தேகம் தட்டியது.

மறுநாள் காலை புரிந்தது. வாசலில் ஒரு வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. அதன் பின்னால் மாட்டியிருந்த கம்ப்ரஸர் ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது. தடித்த ஆள் ஒருவன் விசிலடித்துக்கொண்டே இறங்கி, எங்கள் வீட்டு வால்வு எங்கே என்று கேட்காமலே நேராக அங்கே போனான்.

"அக்கா, வழக்கம்போல பின்பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சுடவா?" என்று கேட்டவன் என்னைப் பார்த்தான். "இவரு யாரு?"

"வீட்டுக்காரன்" என்றேன்.

"ஓ! வேட்டைக்குப் போறவரா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். பெயர் லைல். ரொம்ப மரியாதையான ஆள்.

நான் நோரீன் பக்கம் திரும்பினேன். "எத்தனை வருஷமா நடக்குது இது?"

"ட்வைலா மூணாங்கிளாஸ் படிக்கறப்பலேர்ந்து. அந்த வருஷம் நீங்க ஊதினப்புறமும் உள்ள பாதித் தண்ணி நின்னுச்சுங்க. குழாய் வெடிச்சுப் போச்சு. நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப ஆளக் கூப்பிட்டு மாத்திட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? புள்ளைங்க முன்னாடி அந்தக் குழாயப் புடிச்சுக்கிட்டு நீங்க நின்ன நிலை! அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல." ஒரு கணம் கண் கலங்கி என் கையைப் பிடித்தாள். எனக்கும் கலங்கியது. அப்புறம் சொன்னாள்: "அதுவும் போக, சொல்லியிருந்தா நீங்க வேட்டைக்குப் போகாம கூடவே நின்னு லைலுக்கு வேலை கத்துக் குடுப்பீங்க. வருஷத்துல எனக்குக் கிடைக்கறதே அந்த மூணு நாள்தான்."

வெளியே ஹார்ன் அடித்தது. ஆர்வலின் பிக்கப். விடியறதுக்கு முன்னாலேயே அவனுக்கு போன் போட்டுவிட்டாள். என் பை, துப்பாக்கி, ஃபிளாஸ்க் எல்லாம் ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தன. ஏறவேண்டியது நான் மட்டும்தான்.

நான் கிளம்பும்போது லைல் காதோரம் வந்தான். "இங்க முடிச்சா அடுத்து ஆர்வல் வீடுதான். அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

எனக்கு வந்த ஆறுதல் இருக்கிறதே! நான் ஒருவன் மட்டும் ஏமாளி இல்லை. ஊரைத் தாண்டுகிற வரைக்கும் ஆர்வலைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாவம், அவனும் நேற்று சாயங்காலம் பூரா கம்ப்ரஸரை உறும விட்டுக்கொண்டிருந்தான். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"ஆர்வல், மனசத் தேத்திக்கோப்பா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"லைல்தானே? வருவானே வருஷா வருஷம். அதனாலதான் நான் மெஷினச் சும்மா ஓட விட்டுட்டு, உள்ள உக்காந்து ரேடியோ கேப்பேன்" என்றவன், சட்டென்று வண்டியை ஓரங்கட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏம்ப்பா டெல்மர், நீ நெசமாவே ஊதிக்கிட்டா இருந்தே?"